டெக்சாஸ் கரிசலிலிருந்து கோவில்பட்டிக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தங்கச்சி கொடுத்தனுப்பிய கடலைமிட்டாயும் அதோடு நீ மடித்து வைத்திருந்த கடிதமும் தீபாவளி கழிந்து பத்து நாளில் வந்து சேர்ந்தன. மிட்டாய் தீர்ந்துவிட்டது. கடிதத்தைப் பள்ளிக்கூடப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். நேற்று வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இருந்தது, வானொலியில் அதற்கு வர்ணனை செய்தேன். இன்று காலையில் தொண்டை கட்டிக்கொண்டது. பாலில் மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்டுக் குடித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஹாக்கிப் போட்டியில் நீ மைக் பிடித்திருந்தபோது ஒரு பையனின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டதாகவும், இடைவேளையில் அவன் அப்பா வந்து திருத்திவிட்டுப் போனதாகவும் எழுதியிருந்தாய். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை நான் மூன்று தடவை படித்தேன். எனக்கும் அப்படி ஒன்று உண்டு. இத்தனை வருடத்தில் உனக்குச் சொன்னதில்லை.

நான் இங்கே கணக்கு வாத்தியாராக வந்த புதிதில், உள்ளூர் வானொலிக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்குப் புள்ளிவிவரம் எழுத ஆள் தேடினார்கள். எத்தனை கெஜம் ஓடினான், எத்தனை கெஜம் எறிந்தான் என்று கூட்டிக் கழித்துச் சொல்லும் வேலை. மூன்று வருடம் அதைச் செய்தேன். வர்ணனை செய்து வந்தவர் வேறு ஊருக்கு மாறிப் போனதும் மைக் என் கைக்கு வந்தது. அந்த முதல் பருவத்தில் எங்கள் அணியில் ஒரு மெக்சிகோ வம்சாவளிப் பையன் இருந்தான். குடும்பப் பெயர் ஹிமெனெஸ். எழுத்தைப் பார்த்து நான் ஜிமெனெஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்பானிய மொழியில் அந்த எழுத்துக்கு ஹகர ஒலி என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஐந்தாவது ஆட்டம் முடிந்த பிறகு அந்தப் பையனே வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றான். கோபமாக எதுவும் பேசவில்லை. வீட்டில் பாட்டி சமையலறையில் ரேடியோவை வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருக்கிறாளாம். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. பேரன் பெயர் எப்போது வரும் என்று மட்டும் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாளாம். "சார், அவளுக்கு அது நான்தான் என்று தெரியவில்லை" என்றான்.

இரண்டரை மணி நேரம் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன், மாப்பிள்ளை. அந்தக் கிழவிக்கு அதில் விளங்கக்கூடிய சொல் ஒன்றே ஒன்று. அதைத்தான் நான் கெடுத்து வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு என் வாரமே மாறிப்போனது. திங்கட்கிழமை எதிரணியின் பட்டியல் வரும். செவ்வாய்க்கிழமை அவர்களுடைய பயிற்சியாளருக்கு ஃபோன் செய்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்லித் தமிழில் எழுதிக்கொள்வேன். ஆமாம், தமிழில்தான். ஆங்கில எழுத்து ஒலியைக் காட்டிக் கொடுக்காது, நம் எழுத்து காட்டிக் கொடுத்துவிடும். வியட்நாம்காரர்களிடம் Nguyen என்று மிகச் சாதாரணமான குடும்பப் பெயர் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதை எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாது. இங்கே எல்லாரும் "வின்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் வாயில் அது ஙகரத்தில் தொடங்குகிறது. ஒன்றாம் வகுப்பில் எழுதிப் பழகியதோடு நாம் விட்டுவிட்ட அந்த ங, இந்த ஊரில் எனக்குப் பயன்படுகிறது. அந்தப் பெயரோடு டெக்சாஸ் கடலோரத்து ராக்போர்ட்டில் வளர்ந்தவர்தான் டாட் வின். 1975-ல் ஆர்கன்ஸாவில் ஓர் அகதி முகாமில் பிறந்தவர். பள்ளி ஆட்டத்தில் தொடங்கி, 1999-ல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்குப் போனார். தொழில்முறை லீகுக்குப் போன முதல் வியட்நாமிய அமெரிக்கர் அவர்தான். ராக்போர்ட்டில் அவர் பெயரை முதன்முதலாக மைக்கில் சொன்ன வர்ணனையாளரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாரோ.

புதன்கிழமை இரவு அட்டை தயார் செய்வேன். இரண்டடி நீளமுள்ள கெட்டி அட்டை. தாக்கும் அணி ஒரு பக்கம், தடுக்கும் அணி ஒரு பக்கம். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு பெயர், ஒருவன் ஆட, ஒருவன் மாற்று. எண் சிவப்பில், பெயர் கறுப்பில், வகுப்பு பென்சிலில். என் பக்கத்தில் ஒரு மாணவன் உட்கார்ந்து, பந்தை எடுத்தவன் யார், மடக்கியவன் யார் என்று அட்டையில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டே இருப்பான். பேச்சு கிடையாது, விரல் மட்டும்தான். மழை பெய்துவிட்டால் அதுவும் கடினம். இந்த ஊர் மண்ணும் நம் மண்போலக் கரிசல்தான், தெரியுமா? வடக்கே ரெட் ரிவர் பக்கத்திலிருந்து சான் அன்டோனியோ வரை நீண்டு கிடக்கும் கரிசல் பூமி, பருத்தி விளைந்த நிலம். செருப்பில் ஒட்டினால் விடாத அதே களி. எங்கள் மைதானத்தில் இன்னும் புல்தரைதான் இருக்கிறது. இரண்டாம் பாதியில் சட்டை எண் முழுக்கச் சேறு அப்பிக்கொள்ளும். அப்போது நடையை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும். திங்கள் முதல் வியாழன் வரை என் வகுப்புக்கு வரும் பையன்களின் நடை எனக்குத் தெரியும் என்பதால் பிழைத்துக்கொள்கிறேன்.

மேசையில் ஒரு மணல்கடிகாரம் வைத்திருக்கிறேன். முட்டை வேகவைக்க வைத்துக்கொள்வார்களே, மூன்று நிமிடக் கடிகாரம், அதுதான். பழைய பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் அப்படி ஒன்று வைத்திருந்தார். மணல் இறங்கி முடிந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பாராம். ரேடியோவை இப்போதுதான் திறந்தவனுக்கு ஸ்கோர் தெரிய வேண்டுமே. சின்ன வயதில் உங்கள் வீட்டுத் திண்ணையில் கிரிக்கெட் வர்ணனையாளர் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலில் நாம் சேப்பாக்கத்தைப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? பந்து எல்லைக்கோட்டைத் தொடுவதற்குள் அவர் குரல் அங்கே போய் நிற்கும். நான் இந்த வேலைக்குக் கற்றுக்கொண்டதில் பாதி அந்தத் திண்ணையில் கற்றது. இங்கே இதைச் சொன்னால் யாருக்கும் விளங்காது, உனக்கு விளங்கும்.

நேற்றைய ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது பகுதியில் எங்கள் பையன் ஒருவன் மோதி விழுந்து எழுந்திருக்கவில்லை. இரண்டு அணிப் பையன்களும் ஒரு காலை மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பேண்ட் வாத்தியம் நின்றது. ஐயாயிரம் பேர் இருந்த இடத்தில் கொடிக்கம்பத்துக் கயிறு தட்டும் சத்தம் கேட்டது. வர்ணனையாளனுக்கு இதைவிடக் கடினமான நேரம் கிடையாது. சும்மா இருந்தால் கேட்பவன் பயந்துவிடுவான், ஊகித்துப் பேசினால் அது பாவம். அந்தப் பையனின் அம்மா மருத்துவமனையில் இரவுப் பணியில் இருப்பவள், ரேடியோவில்தான் கேட்பாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். மருத்துவ உதவியாளர் அவன் தலைமாட்டில் இருக்கிறார். பேசுகிறார். அவன் பதில் சொல்கிறான். இடது கையைத் தூக்குகிறான். இப்போது இரண்டு காலையும் மடக்குகிறான். அந்தக் காலை மடக்கியதை இரண்டு தடவை சொன்னேன். அவன் நடந்தே வெளியே போனான். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்கக் கூடாது என்று 2011-ல் இங்கே சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை நான் மனதாரக் கும்பிடுகிறேன். அதற்கு முன்னால் தள்ளாடிக்கொண்டே திரும்ப இறங்கிய பையன்களை நான் வர்ணித்திருக்கிறேன், வீரம் என்று சொல்லியிருக்கிறேன். அது தப்பு.

இரவு பதினொன்றரைக்கு அந்த அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. "காலை மடக்குகிறான் என்று சொன்னீர்களே" என்றாள், அதற்கு மேல் பேச முடியவில்லை. நானும் பேசவில்லை.

கூட்டாளிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். பதினாறு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தை அலசிச் சொல்லிய அந்தப் பழைய பயிற்சியாளர் சென்ற பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். கை நடுக்கம். மகள் வீட்டுக்கு சான் அன்டோனியோவுக்குப் போய்விட்டார். என் முதல் வருடத்தில் இரண்டு பேர் நிலையத்துக்கு ஃபோன் செய்து, இந்த ஆளின் பேச்சு நம் ஊர்ப் பேச்சாக இல்லை என்று சொன்னபோது, அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் நேயர்களிடம் என்னை இந்த ஊர் வாத்தியார் என்று அறிமுகப்படுத்தியவர் அவர். அவர் இடத்தில் இப்போது ஓர் இளைஞன் இருக்கிறான், நன்றாகத்தான் செய்கிறான். ஆனாலும் பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது வரும்போதெல்லாம் என் தலை தானாக அந்த நாற்காலிப் பக்கம் திரும்புகிறது.

பத்திரிகைக்காரத் தோழன் ஒருவனைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன் அல்லவா? அவன் பத்திரிகை தினசரியாக இருந்தது வாரத்துக்கு மூன்று நாள் என்றாகி, இப்போது தபாலில் வருகிறது. அவன் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை மட்டும் மனது கேட்காமல் பிரஸ் பாக்ஸுக்கு வந்து, பழக்கம் போலக் குறிப்பெடுக்கிறான். எந்தப் பக்கத்திலும் அச்சேறாத குறிப்பு. 1960-ல் டேவ் கேம்ப்பல் வேக்கோ நகரில் தொடங்கிய கால்பந்து ஆண்டிதழ் மட்டும் ஒவ்வொரு கோடையிலும் வந்துவிடுகிறது. மாநிலத்தின் சின்னஞ்சிறு பள்ளி அணிக்கும் அதில் இடம் உண்டு. கேம்ப்பல் 2021-ல் காலமானார். அன்றிரவு நாங்கள் ஏழெட்டுப் பேர் ஃபோனில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த ஏழெட்டுப் பேரும்தான் எனக்கு இங்கே உறவு. ஆளுக்கொரு ஊரில் வர்ணனை. ஆட்டம் முடிந்து ஒவ்வொருவரும் காரில் ஏறியதும் ஒருவரையொருவர் அழைப்போம். நூறு சொச்சத்துக்கு மேல் மாணவர்கள் இல்லாத பள்ளிகளில் அணிக்கு ஆறு பேர் வைத்து ஆடுவார்கள். 1934-ல் நெப்ராஸ்காவில் ஒரு வாத்தியார் உண்டாக்கிய ஆட்டம் அது. இடைவேளையிலோ அதற்குப் பிறகோ நாற்பத்தைந்து புள்ளி வித்தியாசம் வந்தால் அதோடு ஆட்டம் முடிந்துவிடும். மேற்கே அதை வர்ணிக்கும் தோழி பல நாள் எங்களுக்கு முன்பே காரில் ஏறிவிடுவாள். ஆண்டின் கடைசி ஆட்டத்தை விளக்கணைக்கும் வரை பேசி முடித்துவிட்டு, அறுபது மைல் இருட்டில் ஓட்டிக்கொண்டே, தன் ஊர்ப் பள்ளியை அடுத்த பள்ளியோடு சேர்க்கப்போகிறார்கள் என்று நேற்றுச் சொன்னாள். அங்கே அணி இருக்காது. அவள் அழுதாள். நாங்கள் யாரும் ஃபோனை வைக்கவில்லை.

இத்தனை டிவி வந்த பிறகும் ரேடியோ எப்படிப் பிழைத்தது என்று கேட்டிருந்தாய். சட்டம்தான் ஒரு காரணம். தொழில்முறை லீக் தன் ஆட்டங்களை மொத்தமாக டிவிக்கு விற்கலாம் என்று 1961-ல் அரசு சலுகை கொடுத்தபோது, செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வெள்ளிக்கிழமை மாலை ஆறுக்கு மேல், கல்லூரி ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து 75 மைலுக்குள் அந்தச் சலுகை செல்லாது என்று எழுதி வைத்தார்கள்; 1966-ல் பள்ளி ஆட்டத்தையும் அதில் சேர்த்தார்கள். டெக்சாஸில் பள்ளி ஆட்டங்களை நடத்தும் அமைப்பும் வெள்ளிக்கிழமை நேரடி ஒளிபரப்பை வெகுகாலம் அனுமதிக்கவில்லை. கொரோனா வந்த 2020-ல் அதைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஜனங்கள் கேலரிக்கு வர வேண்டும் என்பதுதான் நோக்கம், வரவும் செய்கிறார்கள். ஆலன் என்ற ஊரில் 2012-ல் ஆறு கோடி டாலர் செலவில் ஒரு பள்ளிக்கு மைதானம் கட்டினார்கள், பதினெட்டாயிரம் இருக்கை. அவ்வளவு பணம் அதில் போட்டிருக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். வாத்தியார் அப்படித்தானே நினைப்பான்.

தங்கச்சிக்கு ஒரு செய்தி. இங்கே பழைய மாணவர்கள் ஊர் திரும்பும் வாரத்தில் பெண் பிள்ளைகள் நெஞ்சில் பெரிய சாமந்திப்பூ குத்திக்கொள்வார்கள். முன்பு நிஜப் பூ. இப்போது துணிப்பூ, தாம்பாளம் அளவுக்கு. அதிலிருந்து ரிப்பன்கள் தரைவரை தொங்கும், நடுநடுவே சின்ன மணிகள். மாடிப்படியில் அவர்கள் இறங்கி வரும்போது சலங்கைச் சத்தம் கேட்கும். இந்த வருடம் என் மகளும் கட்டிக்கொண்டாள். ஒரு ரிப்பனில் அவள் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நாக்அவுட் சுற்று தொடங்குகிறது. தோற்றால் வீட்டுக்கு, ஜெயித்துக்கொண்டே போனால் டிசம்பரில் ஆர்லிங்டனில் இறுதி ஆட்டம். இங்கே மாலை ஏழரைக்குத் தொடக்கம், உனக்கு சனிக்கிழமை காலை ஏழு மணி. நிலையத்தின் இணைய இணைப்பை மகள் உனக்கு அனுப்பி வைப்பாள். ஆட்டம் புரியாவிட்டால் பரவாயில்லை, பெயர்களைக் கேள். எதிரணியின் பட்டியல் நேற்றிரவே வந்துவிட்டது. 34-ஆம் எண் பையனின் குடும்பப் பெயர் செக் நாட்டுப் பெயர் போலிருக்கிறது, நாலு மெய்யெழுத்து ஒன்றாக நிற்கிறது. எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வரை பொறுக்க முடியாது, அவர்கள் பயிற்சியாளருக்கு இப்போதே ஃபோன் செய்யப்போகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்