பரணில் பூசணம் பிடிக்கும் லொள்ளு சபா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விஜய் டி.வி.யில் 2000-களில் ஓடிய 'லொள்ளு சபா' இன்றைக்குப் பலருக்கு மீமாகத்தான் தெரியும். அதில் நடித்த மனோகர் கையை உதறிக்கொண்டு பேசும் படமும் சுவாமிநாதன் முழிக்கும் படமும் தினம் யாராவது ஒருவர் மூலம் வந்து சேர்கின்றன. எந்தப் படத்தைக் கிண்டலடித்த பகுதியில் அது வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. இளவட்டங்களைக் குறை சொல்ல முடியாது. ராம்பாலா இயக்கிய அந்த நிகழ்ச்சியின் பிழைப்பே சினிமாப் பகடி; மூலப்படம் மனப்பாடமாக இருந்தால்தான் சிரிப்பு முழுசாக வரும். சந்தானம் சினிமாவுக்குப் போய், ஜீவா முன்னுக்கு வந்து, கடைசியில் நிகழ்ச்சியே நின்றுபோன பிறகும் நடித்தவர்கள் பெயருக்கு முன்னால் 'லொள்ளு சபா' இனிஷியல் மாதிரி ஒட்டிக்கொண்டது. 2024 மார்ச்சில் அதில் நடித்த சேஷு காலமானபோதும் அப்படித்தான் சொன்னார்கள்.

ரசிகர் கூட்டம் கரைகிறதே என்று புலம்புவதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கூட்டம் வீட்டில் பதிந்து வைத்த வீடியோ கேசட்டும் சிடியும் சேலத்திலும் ஏற்காட்டிலும் பரண்களில் கிடக்கின்றன. அதற்கும் முந்தைய எஸ்.வி.சேகரின் 'வண்ணக் கோலங்கள்', கே.பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரித்த 'ரமணி வெர்சஸ் ரமணி' போன்றவையும் அவற்றில் இருக்கலாம். வீடு காலி செய்யும்போது இவை பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன. போடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

கேசட் கிடைத்ததும் ஆசையாக டெக்கில் (வி.சி.ஆர்.) தள்ளாதீர்கள். முதலில் கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவியதுபோலவோ நூல் நூலாகவோ தெரிந்தால் பூசணம். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டிய இடத்தில் அது தாராளமாக வளரும். ஐப்பசி, கார்த்திகையில் பனி இறங்கும் ஏற்காட்டு வீடுகளில் கேட்கவே வேண்டாம். பூசணம் பிடித்த ஒரு கேசட்டை ஓட்டினால் வித்துகள் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஓரிரு வாரம் வையுங்கள். பூசணம் காய்ந்த பின், முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளித் திண்ணையில் மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கேசட்டைத் திறக்க அடியில் இருக்கும் ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும். ஆனால் நிமிர்த்தி வைத்து, மேல் மூடியை மெல்லத் தூக்குங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தெறித்துப் போனால் திரும்பப் பொருத்துவது பெரும்பாடு.

ஏற்காட்டிலிருந்து இறக்கிய கேசட்டை அன்றைக்கே ஓட்டக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. குளிர்ந்த பொருள் சேலத்து வெக்கைக்கு வந்ததும் மேலே ஈரம் கோத்துக்கொள்ளும். ஈர டேப், ஹெட் பொருத்திய சுழலும் டிரம்மில் அப்பிக்கொண்டு கசங்கும், சமயத்தில் அறுந்தே போகும். பழைய டெக் சிலவற்றில் 'டியூ' (ஈரப் பனி) என்று விளக்கு எரிந்து ஓட மறுப்பது இதனால்தான்; ரிப்பேர் என்று நினைத்துப் பிரித்து மேய்ந்துவிடாதீர்கள். ஒரு நாள் முழுக்க அறையிலேயே வைத்திருந்துவிட்டு, கடைசி வரை ஒரு தடவை ஃபார்வர்டு, ஒரு தடவை ரீவைண்ட் செய்தால் வருடக்கணக்காக இறுகிக் கிடந்த சுருள் தளரும். அதற்குப் பிறகு ப்ளே.

படம் பனி கொட்டியது போல வந்தால் பெரும்பாலும் ஹெட் அழுக்குதான். காது குடையும் பஞ்சுக் குச்சியை வீடியோ ஹெட்டில் வைக்கவே கூடாது. நூல் மாட்டினால் ஹெட்டின் நுனி உடைந்துவிடும். நூல் பிரியாத ஷாமி துணியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, துணியை டிரம்மில் அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டாம். படத்தின் நடுவே கோடு ஓடினால் அது ட்ராக்கிங் கோளாறு (ஹெட் டேப்பின் தடத்தை விட்டு விலகுவது), டெக்கின் பட்டனிலேயே சரியாகும். படத்தின் அடியில் மெல்லிய பட்டையாக வரும் நெளிவு எல்லா விஎச்எஸ் (வீட்டு வீடியோ கேசட்) பதிவிலும் உண்டு, அதை விட்டுவிடலாம். ஆட்கள் ஓட்டமாக ஓடிக் கீச்சுக்குரலில் பேசினால் அது எல்பி (லாங் ப்ளே) எனும் மெதுவான வேகத்தில் பதிந்த கேசட். மூன்று மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் அடைக்க அன்று பலர் செய்த சிக்கனம் அது. எல்பி உள்ள டெக்கைத் தேடித்தான் ஆக வேண்டும். கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாயே 2016-ல் கடையைக் கட்டிவிட்டதால், ஓடும் டெக் வைத்திருப்பவர் அதை விற்காமல் இருப்பது புண்ணியம்.

கணினியில் ஏற்ற, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரை வாங்கிக்கொள்ளும் யுஎஸ்பி கேப்சர் கருவி போதும். அமைப்பில் 'பால்' (PAL, நம் நாட்டு டி.வி. முறை), 720-க்கு 576, நொடிக்கு 25 ஃப்ரேம் என்று வையுங்கள். பலர் அமெரிக்க முறையான 'என்டிஎஸ்சி'யில் விட்டுவிட்டு, கருப்பு வெள்ளையாக உருள்கிறதே என்று கேசட்டைப் பழிக்கிறார்கள். எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் நொடிக்கு 8 மெகாபிட் வைத்தால் மணிக்குச் சுமார் 3.6 ஜிபி ஆகும். போகப்போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று விலகினால், தேய்ந்த டேப்பின் தள்ளாடும் சிக்னலில் கருவி ஃப்ரேம்களை விடுகிறது என்று அர்த்தம். டெக்குக்கும் கருவிக்கும் நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றைக் கோத்தால் பல நேரம் சிக்னல் நிதானத்துக்கு வரும். இந்தக் கிண்டல் நிகழ்ச்சிகளில் வசனம் விழும் நொடிதான் உயிர். அரை நொடி தள்ளிப்போனாலும் சிரிப்பு செத்துவிடும்.

சிடியின் கதை வேறு. தகவல் இருக்கும் மெல்லிய படலம் எழுத்து இருக்கும் மேல்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியதும் ஸ்டிக்கர் ஒட்டி உரித்ததும்தான் பல சிடிகளைக் கொன்றவை. துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். வி.சி.டி.யில் காப்பி பாதியில் நின்றால் சிடி போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வேறு டிரைவில், குறைந்த வேகத்தில், பிழை வந்த இடத்தைத் தாண்டிப் படிக்கும் மென்பொருளில் போட்டால் பாதிக்கு மேல் மீளக்கூடும்.

இன்னொன்று. விளம்பரங்களை வெட்டி எறியாதீர்கள். எந்தத் தேதியில் ஒளிபரப்பானது என்பதற்குப் பல கேசட்டில் அது ஒன்றுதான் சாட்சி: 'வரும் வெள்ளி முதல்' என்று ஓடும் சினிமா விளம்பரம், பண்டிகைத் தள்ளுபடி. நறுக்கிய மீம்கள் ஏராளம் கிடைக்கின்றன. முன்னும் பின்னும் உள்ள முழுப் பகுதிதான் கிடைப்பதில்லை.

நம் ஊருக்கு இந்த இழப்பு புதிதல்ல. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவுக்கு இன்று அடையாளமாக நிற்பது அந்த நுழைவு வளைவு மட்டும்தானே. அதனால் ஒரு கோரிக்கை. சேலம் மாவட்ட மைய நூலகத்தில் நல்ல டெக் ஒன்று, பூசணம் பிடித்த கேசட்டுக்கென்றே தனியாக இன்னொன்று, கேப்சர் கருவியோடு ஒரு கணினி, வாரத்தில் ஒரு நாள் உட்கார விவரம் தெரிந்த ஒருவர் என்று ஏற்பாடு செய்யலாம். கேசட் ஓடும் நேரம்தான் பதியும் நேரமும் என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு கேசட் முடிந்தாலே பெரிது. நிகழ்ச்சிகளின் உரிமை சேனலுக்கும் தயாரித்தவர்களுக்கும் உரியது. ஆகவே இணையத்தில் ஏற்ற வேண்டாம். சொந்தப் பிரதி எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டு, எந்தத் தேதிப் பகுதி யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் நூலகம் வைத்திருக்கட்டும். முழுப் பகுதிகளைத் தேதிவாரியாக வெளியிடச் சேனல் முன்வந்தால், தங்களிடம் இல்லாததை அந்தப் பட்டியலிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

அதுவரை கேசட்டை முழுதாக ரீவைண்ட் செய்து, புத்தகம் போல நிமிர்த்தி, ஸ்பீக்கர் பக்கம் போகாமல், மொட்டை மாடி வெயில் இறங்கும் பரணிலிருந்து இறக்கிக் கீழ் அலமாரியில் வையுங்கள். முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் மேலே எதுவும் பதியாது.

இப்படிக்கு,
பழைய டி.வி. நகைச்சுவை விரும்பிகள்,
அஸ்தம்பட்டி, சேலம்.