சலங்கைக்குக் கடன் கிடையாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகள் இங்கே மொரீசியஸில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பரதம் பயில்கிறாள். சென்னையில் நான்காண்டுப் பட்டயப் படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். கல்விக் கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். படிவத்தில் 'படிப்பு முடிந்தபின் எதிர்பார்க்கும் சம்பளம்' என்றொரு கட்டம். அலுவலர் பேனாவால் அதையே மூன்று முறை தட்டினார். மகள் எழுதாமல் என்னைப் பார்த்தாள். கணக்கியல் என்றால் அந்தக் கட்டம் அரை நிமிடத்தில் நிரம்பியிருக்கும்.

2019 முதல் இங்கே அரசுக் கல்வி நிலையங்களில் முதல் பட்டப்படிப்புக்குக் கட்டணமில்லை. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்திலேயே நடனமும் இசையும் படிக்கலாம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சென்னைக்குப் போகிறவர்களுக்கு இந்திய அரசின் பண்பாட்டு உறவுகள் மன்றம் (ஐ.சி.சி.ஆர்.) தரும் உதவித்தொகைதான் பெரிய நம்பிக்கை. கல்விக் கட்டணமும் மாதச் செலவுக்குப் பணமும் அதில் வந்துவிடும். கிடைக்காதவர்கள்? கட்டணம், அறை வாடகை, விமான டிக்கெட் (அரங்கேற்றச் செலவைச் சொல்லவே வேண்டாம்) எல்லாம் பெற்றோர் தலையில். என் கூறைப்புடவை ஏற்கெனவே நடன உடையாகிவிட்டது, அடுத்து வளையல்தான்.

தைப்பூசத்துக்குப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கோயில்கள் தாராளமாகச் செலவிடுகின்றன. விழா மேடையில் ஆட எங்கள் பிள்ளைகளைத்தான் அழைக்கிறார்கள்; பொன்னாடையும் பழத்தட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு மாணவருக்காவது வட்டியில்லாக் கடன் தரலாமே. திரும்பி வந்து கோயிலில் வகுப்பெடுத்துக் கடனைக் கழிக்கட்டும். எங்கள் கோயில் நிர்வாகக் குழுவிடம் எழுத்திலேயே கொடுத்துவிட்டேன். மற்ற ஊர்க்காரர்களும் கேளுங்கள்.

ஒரு தாய்,
ரோஸ்ஹில், மொரீசியஸ்