எம்பிஏ முடித்துவிட்டு அரசு வேலையா? தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

எம்பிஏ படித்துவிட்டு அரசுப் பணிக்குப் போனால் படிப்பு வீணாகிவிடுமா என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியிலேயே வேறு கதைக்குத் தாவிவிடுவோம், அதனால் எழுதுகிறேன். இதே குழப்பம் இன்னும் சிலருக்கும் இருக்கும் என்பதால் எல்லாரும் படிக்கிற மாதிரி பொதுவில் போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

படிப்பு வீணாகாது. ஆனால் எது கைகொடுக்கும் என்று நினைக்கிறாயோ அது கைகொடுக்காது. என் கதையையே சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் சான்றிதழ் கவுண்டர் ஒன்று உண்டு. மணிக்கு 20 பேர் வருவார்கள். ஒருவர் வெளியே போக 3 மணி நேரம் ஆகும். 20ஐ 3ஆல் பெருக்கு, எந்த நேரம் பார்த்தாலும் உள்ளே 60 பேர். ஜான் லிட்டில் என்ற பேராசிரியர் 1961இல் நிரூபித்த இந்த வரிசைக் கணக்கை வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அங்கே போட்டிருந்ததோ 25 நாற்காலி. பெரிய கூடம் வேண்டும் என்று எல்லாரும் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு விண்ணப்பத்தின் பின்னாலேயே நடந்தேன். ஐந்து மேசை. எல்லா மேசையிலும் சேர்த்து அதன் மேல் நடந்த வேலை 11 நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் அது இரண்டாவது மேசையின் ட்ரேயில் கிடந்தது, சரிபார்க்க அங்கே ஒரே ஆள் என்பதால். கடைசி மேசையில் சும்மா இருந்தவரை அங்கே மாற்றினோம். ஒரே வாரத்தில் கூட்டம் பாதியானது. கட்டடமும் வேண்டியிருக்கவில்லை, நிதியும் வேண்டியிருக்கவில்லை. படித்ததற்குப் பலன் கிடைத்தது என்று அன்றைக்கு நிஜமாகவே நினைத்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு டோக்கன் முடிய சராசரி எத்தனை நிமிடம் என்று தினமும் எழுதிப்போட சுவரில் பலகை மாட்டினேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. மேலதிகாரிகள் பாராட்டினார்கள். ஒருநாள் வாசலில் ஒரு பாட்டி பிடித்துக்கொண்டார். "மூணு தடவை வந்துட்டேம்மா. ஒவ்வொரு தடவையும் டோக்கன் முடிஞ்சதுன்னு சொல்றாங்க, வேலைதான் முடியல."

விசாரித்தால், ஒரு தாள் குறைந்தாலும் டோக்கனை மூடித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். என் பலகையில் அந்தப் பாட்டி மூன்று வெற்றிகளாகப் பதிவாகியிருந்தார். கவுண்டரில் இருந்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, பலகையை மாட்டியவள் நான். ஓர் அளவையே இலக்காக்கிவிட்டால் அந்த அளவு கெட்டுப்போகும் என்பதைக் 'குட்ஹார்ட் விதி' என்பார்கள். சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார நிபுணர் பணக்கொள்கையை வைத்து 1975இல் சொன்னதிலிருந்து வந்த பெயர். எனக்கு அது புரிய ஒரு பாட்டி மூன்று முறை நடக்க வேண்டியிருந்தது.

இதே தவறை உலக அளவில் செய்தவரும் எம்பிஏக்காரர்தான். ராபர்ட் மெக்நமாரா, 1939இல் ஹார்வர்டில் பட்டம் வாங்கியவர். ஃபோர்டு நிறுவனத்தின் தலைவராக இருந்து, 1961இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலரானார். ராணுவத்தின் நிதித் திட்டமிடலை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே எண் மோகத்தில்தான் வியட்நாம் போரின் முன்னேற்றத்தை எதிரித் தரப்பில் விழுந்த பிணங்களை எண்ணி அளந்தார்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. போர் கைவிட்டுப் போனது.

சரி, எது காலை வாரும்? எனக்கு மார்க்கெட்டிங்தான் வாரியது. வாடிக்கையாளர்களைப் பிரி, லாபம் தருகிறவரைத் தக்கவை, செலவு வைக்கிறவரை மெதுவாகக் கழற்றிவிடு என்று அங்கே பழக்குவார்கள். கம்பெனிக்கு அது சரி. இங்கே அதிகச் செலவு வைக்கிறவர் யார்? படிக்கத் தெரியாதவர், தாள் தொலைத்தவர், நடக்க முடியாதவர். அவரைக் கழற்றிவிட்டால் அப்புறம் அந்த அலுவலகம் எதற்கு? இந்த ஒரு பழக்கத்தை விட எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பலகையில் 'திரும்பி வந்தவர்கள்' என்று ஒரு கட்டம் சேர்த்த அன்று எண்கள் அசிங்கமாயின. பாராட்டும் நின்றது.

நிதிப் பாடத்திலும் சில விஷயம் தலைகீழ். கம்பெனியில் மிச்சம் பிடித்தால் போனஸ். இங்கே பல இடங்களில் ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும், அடுத்த வருட ஒதுக்கீட்டிலும் கை வைப்பார்கள். டெண்டர் மெதுவாக நகர்கிறதே என்று எரிச்சல் வரும். தணிக்கைக்காரர் எதிரில் உட்காரும் நாளில் அந்த மெதுவான கோப்புதான் உன்னைக் காப்பாற்றும்.

அரசு நிர்வாகம், கம்பெனி நிர்வாகம் இரண்டையும் சேர்த்துப் படிக்கலாமா என்றும் கேட்டாய். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மேலாண்மைப் பள்ளி 1976இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது 'பொது மற்றும் தனியார் மேலாண்மை' என்றே பட்டத்துக்குப் பெயர் வைத்திருந்தது. எம்பிஏ என்று அங்கே மாறியது 1999இல்தான். ஆக, இது உன் தலையில் மட்டும் உதித்த விபரீத யோசனை இல்லை.

எனக்கு ஒரே ஒரு பயம், படிப்புக்கு வாங்கும் கடன். என் வகுப்பில் நாலைந்து பேர் பொதுச் சேவைக்குப் போகிறேன் என்றுதான் சேர்ந்தார்கள். தவணை தொடங்கியதும் 'ரெண்டு வருஷம் மட்டும்' என்று கன்சல்டிங் போனார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. அரசுச் சம்பளத்தில் மாதத் தவணை போக என்ன மிஞ்சும் என்று சேருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிப் பார். எழுதியதை எனக்கும் அனுப்பு.

முடிந்தால் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு எம்பிஏ படிக்கப் போ. கையில் ஒரு பாட்டியின் கதை இருந்தால் வகுப்பில் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும்.

அந்த வரிசைக் கணக்கு இருக்கிற என் ஆபரேஷன்ஸ் புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது, வரும்போது எடுத்துக்கொள். மார்க்கெட்டிங் புத்தகம் கிடைக்காது, அதை அப்போதே பாதி விலைக்கு விற்றுவிட்டேன்.

அன்புடன்,
அக்கா