துப்பறியும் கதையில் செத்தவர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் துப்பறியும் கதைகளின் வரலாறு பற்றி வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். துப்பறிவாளர்கள் எல்லாரும் வரிசையாக வந்து போகிறார்கள். கொலையுண்டவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. கட்டுரையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த எழுத்தே வெகுகாலம் அப்படித்தான் இருந்தது.

1841இல் நியூயார்க்கில் சுருட்டுக் கடையில் வேலை பார்த்த மேரி ராஜர்ஸ் என்ற இளம்பெண்ணின் உடல் ஹட்சன் ஆற்றில் கிடைத்தது. வழக்கு துலங்கவே இல்லை. மறு ஆண்டே அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ அவரை 'மாரி ரோஜே' ஆக்கி, ஹட்சனை பாரிஸின் சேன் நதியாக்கி, கதை வெளியிடத் தொடங்கிவிட்டார். கதையின் துப்பறிவாளர் டூப்பினின் மூளை பக்கத்துக்குப் பக்கம் வேலை செய்கிறது. அந்தப் பெண் எப்படிப்பட்டவள் என்பது மட்டும் நமக்குக் கடைசிவரை பிடிபடுவதில்லை. அழகிய பெண்ணின் சாவைவிடக் கவித்துவமான பொருள் உலகில் இல்லை என்று 1846இல் எழுதியவரும் இதே போதான்!

அகதா கிறிஸ்டி காலத்தில் பிணம் என்பது பெரும்பாலும் புதிருக்கான தொடக்கப்புள்ளி, அவ்வளவே. 1962இல் ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் பி.டி.ஜேம்ஸின் முதல் நாவலில் நிலைமை மாறுகிறது. கைக்குழந்தையோடு வந்த வேலைக்காரப் பெண் சாலி ஜப் கொல்லப்படுகிறாள். அவள் யார், என்ன நினைத்தாள் என்று தெரியாமல் வழக்கு நகராது.

2018இல் பிரிட்டனில் ஸ்டாஞ்ச் பரிசு என்று ஒன்று வந்தது. பெண் அடிக்கப்படாத, பின்தொடரப்படாத, வல்லுறவுக்கோ கொலைக்கோ ஆளாகாத திரில்லருக்கு மட்டும் பரிசு. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த வன்முறை மீதான கோபமே தன்னை எழுத வைக்கிறது என்று குற்றக்கதை எழுத்தாளர் வால் மெக்டர்மிட் எதிர்த்தார். நான் அவர் கட்சி. நிஜத்தில் நடப்பதைக் கதையில் மறைத்து யாருக்கு என்ன லாபம்?

எப்படி எழுதலாம் என்பதற்கு, நாவலே அல்லாத ஒரு நூல் வழிகாட்டுகிறது: ஹாலி ரூபன்ஹோல்டின் 'தி ஃபைவ்' (2019). 1888இல் லண்டனில், கடைசிவரை பிடிபடாத கொலைகாரன் 'ஜாக் தி ரிப்பர்' கொன்றதாகச் சொல்லப்படும் ஐந்து பெண்களின் வாழ்க்கை வரலாறு. ஆனி சாப்மன் குதிரை வண்டிக்காரரின் மனைவி. எலிசபெத் ஸ்ட்ரைட் ஸ்வீடன் நாட்டு விவசாயக் குடும்பத்துப் பெண். ஐவரும் பாலியல் தொழிலாளிகள் என்று நூறாண்டுக்கும் மேலாக எழுதிவந்தார்களே, அவர்களில் மூவருக்கு அப்படிச் சொல்ல ஆதாரமே இல்லை என்கிறார் ரூபன்ஹோல்ட். கொலைக் காட்சிகளை அவர் வர்ணிக்கவே இல்லை. கொன்றவன் யார் என்ற ஆராய்ச்சியும் கிடையாது. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், இந்த நூலுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், கும்பகோணம்