கண்ணைத் திறந்துகொண்டுதான் வாங்கினேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய கார் வாங்குவோருக்கு யோசனைகள் வெளியிட்டிருந்தீர்கள். டயரைப் பாருங்கள், ஆயிலைப் பாருங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிட்டுப் பின்னால் புலம்பிப் பயனில்லை’ என்று முடித்திருக்கிறார் கட்டுரையாளர். அந்த ஒரு வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. இருபது வருடமாக உங்கள் இதழை வாங்கிப் படிக்கிறவள் நான். என் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி இருந்தது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவருக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து பஸ் ஏற முடியாது. அதற்காகத்தான் 2024 ஏப்ரலில் மதுரையில் பழைய கார் விற்கும் ஒரு கார் கன்சல்டிங்கில் 2017 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினோம். விலை 3,85,000 ரூபாய், என் ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. தூத்துக்குடியில் ஒரு டாக்டர் வீட்டு வண்டி, சிங்கிள் ஓனர், 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்றார்கள். டயர் பார்த்தோம், ஆயில் பார்த்தோம், ரிங் ரோடு வரை ஓட்டியும் பார்த்தோம். உங்கள் கட்டுரையாளர் சொன்ன எதையும் விடவில்லை. நான் ஏதாவது கேட்டால் பதில் மட்டும் என் கணவரைப் பார்த்து வரும். ‘அம்மாவுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும், நீங்க சொல்லுங்க சார்’ என்பார் கன்சல்டிங் நடத்தும் அந்த ஆள். பணம் எண்ணிக் கொடுத்தது நான்.

பதினோராவது நாள் கப்பலூர் டோல்கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரேயடியாக எரிந்தன. கண்ணாடி தானாக இறங்கியது, ஏறவில்லை. சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் ரோட்டோரம் நின்றோம்.

எங்கள் தெரு மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒன்று செய்தார். பின்சீட் பெல்ட்டைப் பிடித்து, அது முடியும்வரை மெதுவாக வெளியே இழுத்தார். வழக்கமாக வெளியே தெரிகிற பகுதி பளிச்சென்று இருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த கடைசி ஒரு முழத்தில் செம்மண் நிறத்தில் கோடு கோடாகத் தண்ணீர்க் கறை. ‘வெள்ளத்துல கிடந்த வண்டிம்மா’ என்றார். பிறகு கால் மிதியைப் பிரித்து, அடியிலிருந்த கார்ப்பெட்டைத் தூக்கினார். காய்ந்த வண்டல், அதில் நகக்கண் அளவு ஒரு நத்தை ஓடு. அந்த ஓட்டை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் என்ன நடந்தது என்று தங்களுக்குத் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அதற்கு இரண்டு வாரம் முன்னால் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. அந்தத் தண்ணீரில் நின்ற கார்களெல்லாம் எங்கே போயின என்று யாரும் எழுதவில்லையே, ஐயா. வொயரிங்குக்குள் நீர் போனால் அன்றே தெரியாது. மாதக்கணக்கில் ஒவ்வொரு கனெக்டராகப் பச்சைக் களிம்பு பிடித்துக் கடைசியில்தான் காலை வாரும். இதை எந்தக் கண்ணால் பார்த்து வாங்குவது?

ஆர்.சி.யில் இருந்த விலாசத்துக்குக் கடிதம் எழுதினேன். பழைய உரிமையாளர் ஃபோன் செய்தார். அவர் டாக்டர் இல்லை, கடை வைத்திருப்பவர். வண்டி இடுப்பளவு தண்ணீரில் இரண்டு நாள் நின்றதாகவும், இன்சூரன்ஸ் கம்பெனி முழு இழப்பு என்று கணக்கை முடித்துவிட்டதாகவும் சொன்னார். 80,000 கிலோமீட்டருக்கு மேல் அவரே ஓட்டியிருக்கிறாராம். ஆக, மீட்டரையும் திருப்பியிருக்கிறார்கள். ஆர்.சி. இன்னும் தன் பேரிலேயே இருப்பதைக் கேட்டு அவர் பதறிப்போனார்.

பதறாமல் எப்படி இருப்பார்? என் தம்பிக்கு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2009-இல் திண்டுக்கல்லில் ஸ்கூட்டரை ஒரு புரோக்கரிடம் கொடுத்தான். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களில் வெறுமனே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பெயரை மாற்றவேயில்லை. நாலு வருடம் கழித்து, யாரோ ஓட்டி யாரையோ இடித்ததற்கு இவனுக்கு நோட்டீஸ். ஆர்.சி.யில் யார் பெயரோ அவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதற்காகத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது: பழைய வண்டி விற்பவர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், வண்டி அவர் கைக்கு வந்ததைத் தெரிவிக்க வேண்டும், அதன் பிறகு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தச் சான்றைக் காட்டுங்கள் என்று கன்சல்டிங்கில் கேட்டேன். ‘அதெல்லாம் சென்னையோட சரிம்மா’ என்றார்கள்.

பதினான்காம் நாளே வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நிறுத்தினோம். டெலிவரி நோட்டைக் காட்டினார்கள். ‘இன்று மாலை 4.30 முதல் வண்டியின் முழுப் பொறுப்பும் வாங்குபவரையே சாரும்’ என்று எழுதி, என் கையெழுத்து இருந்தது. வேண்டுமானால் 2,60,000-க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அதே வண்டியைத்தான்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம். ஆனால் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடிக்காத பில் எங்கள் ஊரில் எத்தனை கடையில் கிடைக்கும்? ஒரு மிக்ஸி விஷயத்தில் இதைப் பற்றி இரண்டு முறை தங்களுக்கு எழுதினேன். வெளியாகவில்லை. இடம் இருந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 30 நாள் காத்திருந்தேன். பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நானே புகார் எழுதிப் போட்டேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கடை வேறு ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சட்டப்படி மூன்று மாதத்திலும், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும். எனக்கு வாய்தாவாகப் போனது. நவம்பரில் அந்த ஆளே வந்து, ‘ஓட்டிய தேய்மானம்’ என்று 45,000 பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன் என்றார். பதினோரு நாள் ஓட்டியதற்கு 45,000. என் கணவர் சரி என்றார், ஆட்டோவுக்கே மாதம் 4,000 போய்க்கொண்டிருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அந்தக் கார் கழுவி மெருகேற்றி மறுபடி அவர்கள் வாசலில் நின்றதையும் நான் பார்த்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு, புலம்பாதே என்று என் வீட்டுக்கு வரும் பத்திரிகையே சொன்னால் நான் யாரிடம் போவேன்?

தங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். கட்டுரை வந்த அதே இதழின் கடைசிப் பக்கத்தில் பழைய கார் விளம்பரங்கள் நான்கு இருந்தன. ஒன்றிலும் அங்கீகாரச் சான்று எண் இல்லை. இனி விளம்பரம் வாங்கும்போது அந்த எண்ணையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். அது இயலாது என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயாவது அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி சேருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
மதுரை.