நோயாளர் நலன்புரிச் சங்கம்: 2024ம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் ஐயா, பொருளாளர் அக்கா, டொக்டர், நேர்ஸ் மிஸ்மார், ஊழியர்கள், இண்டைக்குக் கூலிவேலையை விட்டுட்டு வந்திருக்கிற உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

நிர்வாகக் கூட்டம் மாசத்துக்கு ஒருக்கா நடக்கவேணும் எண்டு யாப்பில கிடக்கு. செப்ரெம்பரிலயும் நவம்பரிலயும் தேர்தல், ஹோல் கிடைக்கேல்லை, நவம்பர் கடைசியில புயலும் வெள்ளமும், அதால அந்த ரெண்டு மாசமும் கூடேல்லை. மற்ற மாசங்கள் கூடினம். வந்த ஆக்களே வந்தவை, வராத ஆக்கள் வரேல்லை, அதுக்கு மேல அதைப்பற்றிச் சொல்ல ஒண்டுமில்லை.

இனி விசயத்துக்கு வாறன். இந்த நாட்டில அரச ஆஸ்பத்திரியில காசு வாங்கிறதை 1951ல நிப்பாட்டினவை, அது பெரிய விசயம், ஒருத்தரும் மறுக்கேலாது. ஆனா யாழ்ப்பாணம் - கண்டி ஏ9 றோட்டில இருந்து உள்ளுக்க இருக்கிற ஒரு குடும்பத்துக்கு மருந்து மட்டும்தான் இலவசம். பஸ் காசு, ஓட்டோக் காசு, அண்டைக்குப் போற நாட்சம்பளம், பிள்ளையைப் பாக்க ஆள், இதெல்லாம் ஆர் குடுக்கிறது? போன வருசக் கூட்டத்தில இதைத்தான் கனநேரம் கதைச்சம், கட்டில் வாங்கிறதை விட்டுட்டு ஆக்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்க்கிறதுக்குச் செலவழிப்பம் எண்டு முடிவெடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்த அறிக்கை முழுக்க அதைப்பற்றித்தான்.

முதல்ல சுகர் கிளினிக். வெறும் வயித்தில ரத்தம் குடுக்கவேணும், அதுக்கு முதல்நாள் இரவு சாப்பாட்டோட நிப்பாட்டவேணும். உள் கிராமத்து ஆக்கள் விடிய முதல் பஸ்ஸுக்கு வெளிக்கிடுவினம், யானைக்குப் பயத்தில நாலு அஞ்சு பேராச் சேர்ந்து றோட்டுக்கு நடந்து வருவினம், வந்து நம்பர் எடுத்துட்டு வாங்கில இருப்பினம், ரத்தம் எடுக்க எட்டரை ஒன்பது ஆகும், பிறகு டொக்டரைப் பாத்து மருந்து வாங்கப் பத்து மணியும் தாண்டிப்போம். சுகர் வருத்தக்காரர் அவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருந்தா என்ன நடக்கும் எண்டு இங்க இருக்கிற மிஸ்மாருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு அம்மா வரிசையில நிண்டபடியே வேர்த்து விழுந்த பிறகுதான் எங்களுக்கு உறைச்சது. இப்ப கிளினிக் நாளில ரத்தம் குடுத்த கையோட வாசலில பணிசும் சீனி போடாத பிளேன்ரீயும் குடுக்கிறம், முடிஞ்ச நாளில அவிச்ச கடலையும் இருக்கும். பணிஸ் சுகர்காரருக்குக் கூடாது எண்டு ஒராள் சண்டைக்கு வந்தவர். விழுந்து தலை உடையிறதைவிடப் பணிஸ் பரவாயில்லை எண்டு டொக்டரே சொல்லிப்போட்டார்.

அடுத்தது மருந்துப் பை. இஞ்ச வேலைசெய்யிற டொக்டர்மாரில கொஞ்சப்பேர் தெற்கில இருந்து வந்த ஆக்கள், எங்கட தமிழைப் பழகக் கஷ்டப்பட்டுப் பழகுகினம், அதைக் குறையாச் சொல்லக்கூடாது. பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி அங்க இருந்து திரும்பி வாற துண்டுகள் இங்கிலிசிலயும் சில நேரம் சிங்களத்திலயும் வருது. வாசிக்கத் தெரியாத ஆக்களுக்குத் தமிழில எழுதினாலும் ஒண்டுதான். ஒரு அம்மம்மா தன்ர கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பையில சுத்தி மடியில வச்சிருந்தவ, உள்ளுக்க மூண்டு மாச மருந்துப் பை எல்லாம் சேர்ந்து கிடந்தது, பிறஷர் குளிசை வெள்ளை, சுகர் குளிசையும் வெள்ளை, எது எப்ப எண்டு தெரியாமல் காலமை எல்லாத்திலயும் ஒவ்வொண்டு போட்டிருக்கிறா. அதுக்குப் பிறகு எங்கட இளைஞர் ரெண்டு பேர் மருந்து குடுக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில மேசை போட்டு இருக்கினம். பையில காலமைக்கு உதிக்கிற சூரியன், மத்தியானத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை, சாப்பிட முதலா பிறகா எண்டதுக்குக் கோப்பை, இவ்வளவும் மார்க்கரால கீறிக் குடுக்கினம். செலவு ரெண்டு மார்க்கர். முஸ்லிம் ஆக்கள் நோன்பு காலத்தில விடிய முதல் சாப்பிடுற சகருக்கும் நோன்பு திறக்கவும் ஏத்த மாதிரி மருந்து நேரத்தை மாத்தித் தரச்சொல்லிக் கேட்டவை, டொக்டர் இருந்து ஒவ்வொராளோடயும் கதைச்சு மாத்திக் குடுத்தவர், நாங்கள் அதுக்கேத்த மாதிரிக் கீறினம். 1990ல வடக்கில இருந்து துரத்தப்பட்டு இவ்வளவு காலத்துக்குப் பிறகு திரும்பி வந்த சனம், ஆஸ்பத்திரியிலயாவது ஆரோ வீட்டுக்கு வந்தவை மாதிரி நிக்கக்கூடாது.

அதே மாதிரித்தான் 1958, 1977, 1983ல நடந்த தமிழருக்கு எதிரான கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில இருந்து வந்து இஞ்ச குடியேறின ஆக்களும். மூண்டு தலைமுறை ஆகிட்டுது, இன்னும் சில இடத்தில காணி உறுதியும் இல்லை, வரிசையிலயும் கடைசியில நிக்கினம். கிளினிக்குக்கு வராட்டி அக்கறையில்லாத சனம் எண்டு சிலர் சொல்லுகினம், எனக்கு அதைக் கேக்கக் கோவம் வருது. வாழைத்தோட்டத்தில நாட்கூலிக்குப் போற பொம்பிளை ஒரு நாள் நிண்டா அண்டைக்கு அடுப்பு எரியாது. குடும்பநல உத்தியோகத்தர் அக்கா அதை விளங்கிக்கொண்டு, பொம்பிளையளுக்கான வெல்வுமன் கிளினிக்கை ஒரு சனிக்கிழமை பின்னேரம் அந்தப் பக்கத்து முன்பள்ளியில வச்சுத் தந்தவ. கருப்பை வாசல் புற்றுநோய்க்கான பரிசோதனை 35, 45 வயசில எல்லாருக்கும் இலவசமாச் செய்யினம், எங்கட பொம்பிளையள் வெக்கத்தில தள்ளிப் போடுகினம். அண்டைக்கு வந்தவை தங்களுக்குள்ள கதைச்சுத்தான் மற்ற ஆக்களையும் கூட்டி வந்தவை, எங்கட நோட்டீசுக்கு ஒருத்தரும் வரேல்லை.

யுத்தத்தில வெடிச்ச செல்லின்ர இரும்புத்துண்டு உடம்புக்குள்ள இருக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம். 2009ல யுத்தம் முடிஞ்ச பிறகும் எடுக்கேலாமல் விட்ட துண்டுகள் கனபேரிட்ட இருக்கு. எம்ஆர்ஐ ஸ்கானுக்கு எழுதினா முன்னுக்கே சொல்லுங்கோ, காந்தம் இரும்பை இழுக்கும். கிளினிக் கொப்பியின்ர முதல் பக்கத்தில சிவப்புப் பேனையால எழுதித் தாறம், கூச்சப்படாமல் கேளுங்கோ. முள்ளந்தண்டு பாதிச்ச ஆக்களுக்கு மாங்குளத்தில புனர்வாழ்வு வைத்தியம் இருக்கு, போக வர வாகனம் பிடிக்கிறதுக்குச் சங்கம் உதவும்.

பாம்பு கடிச்சா 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு போன் அடியுங்கோ. அந்த அம்புலன்ஸ் 2018ல இருந்து வடக்கிலயும் ஓடுது, காசு இல்லை, தமிழில கதைக்கலாம். கடிச்ச இடத்தைக் கீறிறது, இறுக்கிக் கட்டிறது, விசக்கல்லு வைக்கிறது எல்லாத்தையும் விடுங்கோ. புடையன் கடிச்சா ஒவ்வொரு மணித்தியாலமும் கிட்னிக்குக் கணக்கு. சிக்னல் இல்லாத இடத்தில என்ன செய்யிறது எண்டு கேட்டியள், நியாயமான கேள்வி. அதுக்குத்தான் ஒவ்வொரு கிராமத்திலயும் ஒரு ஓட்டோக்காரத் தம்பியோட கதைச்சு வச்சிருக்கிறம், காசைப் பிறகு சங்கம் குடுக்கும்.

டிசம்பரில யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சலால சாவு வந்த உடன பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீஎச்ஐ) தம்பி காலபோக நெல்வயல்களுக்குள்ள இறங்கித்தான் அது வராமல் தடுக்கிற குளிசை குடுத்தவர். கிழமைக்கு ஒருக்கா எண்டதைச் சிலபேர் ஒரேயடியா முழுங்கிப்போட்டு வயித்தெரிவு எண்டு வந்தவை.

வெளிநாட்டு உறவுகளுக்கு நன்றி. ஆனா ஒண்டைச் சொல்லத்தான் வேணும். பெயர்ப்பலகை போட்ட வீல்செயாரும் கட்டிலும் ஸ்டோரில கிடக்குது, ஓட்டோக் காசுக்குத்தான் பொருளாளர் அக்கா தலையைப் பிச்சுக்கொண்டு நிண்டவ. ஓட்டோவில பலகை அடிக்கேலாது எண்டது எனக்கும் விளங்குது. கேட்டுட்டு அனுப்புங்கோ, அவ்வளவுதான்.

வாற வருசத்துக்கு மூண்டு தீர்மானம் முன்வைக்கிறன்: முதல் பஸ் கிளினிக் நாளில ஆஸ்பத்திரி வாசல்வரை வரவேணும் எண்டு டிப்போவுக்குக் கடிதம், காத்திருக்கிற இடத்துக்கு இன்னும் ரெண்டு வாங்கு, பிரிட்ஜ் இல்லாத வீடுகளில இன்சுலின் வைக்க ஈரமண் போட்ட ரெட்டைப்பானை. ஆர் வழிமொழியிறியள் எண்டு சொல்லுங்கோ. கணக்கறிக்கையைப் பொருளாளர் அக்கா வாசிப்பா, அதுக்குப் பிறகு புது நிர்வாகத் தெரிவு. சந்தா கட்டாத ஆக்கள் வாக்குப் போடேலாது, வாசலில தங்கச்சி புத்தகத்தோட நிக்கிறா.