குத்தகையாளரின் பதிவைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளிக்குள் சமையலறையை நீட்டிக் கட்டிவிட வேண்டும் என்று பலர் இப்போதே கட்டுமானக் குத்தகையாளர் தேடுகிறார்கள். தேடட்டும், ஆனால் "நம்ம ஆள்தான்" என்று யாரோ சொன்னதை நம்பிப் பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு அப்புறம் ஆளைத் தேடி அலைவதுதான் வேதனை. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு 520ஆம் சட்டப்படி சிஐடிபியில் (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதியாதவர் கட்டுமான வேலை எடுக்கவே கூடாது. 200,000 ரிங்கிட் வரையிலான வேலைக்கு ஜி1 என்ற ஆரம்பத் தரமே போதும். பதிவு செல்லுபடியாகிறதா என்பதை சிஐடிபியின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். அடுத்தவர் சான்றிதழைக் காட்டுபவர்களும் உண்டு (இதுதான் பெரிய தொல்லை), அதனால் நிறுவனத்தின் பெயரும் பணம் போடும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

பின்புறம் நீட்டுவதற்கு மாநகர் மன்ற அனுமதி வேண்டும். அது இல்லாமல் கட்டினால், குத்தகையாளர் போய்விடுவார், நோட்டீஸ் வீட்டுக்காரருக்குத்தான் வரும்.

தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் கையில் ஒப்பந்தமும் ரசீதும் இருந்தால்தான் பேச முடியும். இந்த விவரங்களை மாநகர் மன்றம் தமிழிலும் வெளியிட்டால் என்ன?

வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு